மெமரியா டிஸ்க்கா: குளுவாங் மையம் மூடிய நாள்

புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டெம்ப் டேபிளை மெமரியில வைக்கலாமா, டிஸ்க்ல வைக்கலாமா?" ஒரு வேலை முடியும்வரை மட்டும் கணினி வைத்திருக்கும் தற்காலிக அட்டவணைதான் டெம்ப் டேபிள். கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். மெமரிதான் வேகம், அப்புறம் என்ன யோசனை என்று முகத்தில் எழுதியிருக்கும்.

வேகம்தான். அதை நான் மறுக்கப்போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு ஒரே ஒரு நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஜொகூர் பாருவில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். கடை வீட்டின் மேல்மாடி. கீழே கண்ணாடிக்கடை. வேலை பார்த்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவோம். எங்களுக்கு மேலதிகாரி ஒரு பெண்மணி. சிலோன் தமிழர் குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு விஷயம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்தவர்களில் கைதேர்ந்தவன் தினேஷ். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவன். மற்றவர்கள் நாள் முழுக்கத் தேடும் பிழையை ஒரு கோப்பி குடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவான். கர்வம் கிடையாது.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தொண்டு அமைப்பு இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் மையங்கள் நடத்தியது. குளுவாங், கூலாய், ஜொகூர் பாரு என்று ஜொகூரில் பல இடங்களில் மையங்கள். இந்த நோயாளிகள் வாரத்துக்கு மூன்று முறை வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலியில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். அதற்கு மேல் தவறவிடுவதைப் பற்றி அந்த மையங்களில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

ஒரு நோயாளிக்கு அவருடைய வழக்கமான இடம் கிடைக்காமல் போனால், வேறு எந்த மையத்தில், எந்த இயந்திரத்தில், எந்த நேரத்தில் உட்கார வைக்கலாம் என்று தேடிக் கொடுக்கும் புரோகிராம் எங்களுடையது. தாதிகள் அதில் ஒரு பட்டனை அமுக்குவார்கள். பின்னால் ஒரு டெம்ப் டேபிள் உருவாகும். அந்த நோயாளிக்குச் சரிப்படக்கூடிய எல்லா இடமும் அதில் வரிவரியாக விழும். எது பக்கம், எது தூரம், யாருக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு டேபிள் மறைந்துவிடும்.

ஆரம்பத்தில் அந்த டேபிள் டிஸ்கில்தான் இருந்தது. சர்வரும் பழசு. பட்டனை அமுக்கிவிட்டு தாதி நின்றுகொண்டிருப்பார், பக்கத்தில் நோயாளி நின்றுகொண்டிருப்பார். நிற்பதே கஷ்டமான மனிதர்கள் அவர்கள். ஒருநாள் தினேஷ் வேறு வேலையாகக் கூலாய் மையத்துக்குப் போனபோது இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் யாரிடமும் எதுவும் பேசாமல் உட்கார்ந்து டேபிளை மெமரிக்கு மாற்றினான். அதற்கப்புறம் பட்டனை அமுக்கினால் கண் இமைப்பதற்குள் பதில். குளுவாங் மையத்தின் தலைமைத் தாதி தேவி சிஸ்டர் எங்களுக்கு ஒரு டின் முறுக்கு அனுப்பிவைத்தார். அந்த மாற்றத்தில் தப்பு எதுவும் இல்லை. இதை நீங்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு மழைக்காலம். நாள்கணக்கில் விடாமல் பெய்தது. ஒருநாள் காலை நான் அலுவலகத்தில் குடையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தபோது தேவி சிஸ்டர் போன் செய்தார்.

"மல்லிகா, நம்ம சென்டருக்குள்ள தண்ணி வந்துருச்சு. மெஷின தூக்கி மேல வச்சிட்டோம், ஆனா இன்னிக்கு ஓட்ட முடியாது. எல்லாரையும் வேற சென்டருக்கு அனுப்பணும். நான் பட்டன அமுக்கப் போறேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது சிஸ்டர். அமுக்குங்க."

அமுக்கினார். வழக்கமாக ஒருவருக்காக ஓடுகிற புரோகிராம் அன்றைக்குக் குளுவாங்கின் எல்லா நோயாளிகளுக்காகவும் ஓடியது. ஆனாலும் சற்று நேரத்திலேயே பட்டியல் வந்துவிட்டது. யார் யார் எங்கே போக வேண்டும் என்று பளிச்சென்று இருந்தது. சிஸ்டர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தினேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். மெமரியில் வைத்ததால்தானே இந்த வேகம் என்ற சந்தோஷம். எனக்கும்தான்.

கோப்பி வாங்கி வந்து பாதிகூடக் குடித்திருக்க மாட்டேன், சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"மல்லிகா, பெருமாள் அங்கிள் பேரு எங்க?"

"யாரு சிஸ்டர்?"

"லாயாங் லாயாங் ஊர்ல இருக்காரு. தனி மெஷின் வேணும் அவருக்கு, ஹெப்படைட்டிஸ் கேஸ், மத்தவங்களுக்குத் தொத்திடும். எங்க வரணும்னு கேட்டு போன் பண்ணாரு. லிஸ்ட்ட மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். அவரு பேரே இல்ல."

பதிவில் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். பதிவு சரியாக இருந்தது. போன முறை சிகிச்சை எடுத்ததுகூட இருந்தது. பட்டியலில் மட்டும் இல்லை. அவருக்குப் பின்னால் பதிந்தவர்களைப் பார்த்தேன். அவர்களும் இல்லை.

"தினேஷ், இங்க வா."

நடப்பதையெல்லாம் சர்வர் பதிந்து வைக்கும் லாக் கோப்பை அவன் திறந்தான். டேபிள் நிரம்பிவிட்டது என்ற செய்தி வரிசையாக வந்து கிடந்தது.

நடந்தது இதுதான். மெமரியில் வைக்கும் டேபிளுக்கு ஓர் எல்லை உண்டு. அதோடு, எங்கள் டேட்டாபேஸ் மெமரியில் ஒவ்வொரு வரிக்கும் முழு அகலத்தையும் ஒதுக்கிவிடும். குறிப்பு எழுதும் இடத்தில் ஓர் எழுத்துகூட இல்லாவிட்டாலும் நீளமான குறிப்புக்கான இடம் போய்விடும். ஒருவருக்காக ஓடும்போது இது உறைக்கவே இல்லை. ஒரு மையம் முழுவதற்கும் ஓடும்போது பாதி வழியில் டேபிள் நிரம்பிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களுக்கு இடமில்லை. நிரம்பியதும் புரோகிராம் நின்றிருந்தாலாவது தெரிந்திருக்கும். ஆனால் எப்போதோ வேலையை விட்டுப் போன யாரோ டிஸ்க் காலத்தில் எழுதிய ஒரு வரி, பிழை வந்தால் லாக்கில் எழுதிவிட்டு இருக்கிறதை வைத்து மேலே போ என்று சொன்னது. டிஸ்கில் அந்தப் பிழை வந்ததே இல்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆக, பாதி நிரம்பிய டேபிளை வைத்துக்கொண்டு முழுப் பட்டியல் மாதிரி ஒன்றை அச்சடித்துக் கொடுத்திருந்தது. பார்வைக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

தினேஷ் முகம் வெளுத்துவிட்டது. "அலமாக்," என்றான் மெதுவாக, ஐயோ என்பதைப் போல. பிறகு விரல்கள் கீபோர்டுக்குப் போயின. "லிமிட்ட ஏத்திடறேன்க்கா. ஒரே வரிதான். ஏத்திட்டு மறுபடி ஓட்டினா எல்லாரும் வந்துருவாங்க."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அமைதியாக எங்கள் பின்னால் வந்து நின்ற மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"தினேஷ், கொஞ்சம் கைய எடுங்க."

எடுத்தான்.

"இப்ப இந்த ஸ்கிரீன யாரெல்லாம் திறந்து வச்சிருக்காங்க?"

பார்த்தோம். ஏறக்குறைய எல்லா மையங்களும் திறந்து வைத்திருந்தன. குளுவாங்கிலிருந்து தங்களுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க, அவர்களும் அதே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் அமுக்கும்போதும் அவரவருக்குத் தனித்தனியாக ஒரு டேபிள். எல்லாம் ஒரே சர்வரின் மெமரியில்.

"எல்லையை ஏத்தினா ஒவ்வொருத்தரோட டேபிளும் பெருசாகும். எல்லாம் சேந்து மெமரியைத் தின்னுட்டா?" என்று கேட்டார் மேடம்.

"சர்வரே விழுந்துடும்," என்றான் தினேஷ்.

"விழுந்தா சீட் தேடறது மட்டும் போகாது. இப்ப மத்த சென்டர்ல மெஷின்ல படுத்திருக்கறவங்களோட ரெக்கார்டும் போகும். மருந்து அளவு, பிரஷர், எல்லாம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முதல்ல ஸ்கிரீன மூடுங்க. எல்லா சென்டருக்கும்."

மழையில், மையத்துக்குள் தண்ணீர் நிற்கும்போது, இருக்கிற ஒரே கருவியையும் தாதிகளின் கையிலிருந்து பிடுங்குவதா? நான் அப்படியே கேட்டுவிட்டேன்.

"தப்பான லிஸ்ட் கையில இருக்கறதவிட இல்லாம இருக்கறது மேல், மல்லிகா. நீங்க போன் பண்ணிச் சொல்லுங்க. எப்ப வரும்னு நேரம் மட்டும் சொல்லிடாதீங்க. தெரியாததைச் சொல்ல வேண்டாம்."

என் பணிக்காலத்திலேயே எனக்குப் பிடிக்காத போன் அழைப்புகள் அவை. ஒவ்வொரு மையமாகக் கூப்பிட்டேன். தேவி சிஸ்டரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

"சிஸ்டர், அந்த லிஸ்ட்ட வச்சிக்காதீங்க. அதுல எல்லாரும் இல்ல. புதுசா ஒண்ணு தர்றோம்."

"ஒரு வேன் கெளம்பிருச்சே மல்லிகா. கூலாய்க்கு."

"போறவங்க போகட்டும். அவங்க பேரெல்லாம் சொல்லுங்க. அவங்க சீட்ட யாரும் தொடாம பாத்துக்கறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"தெரியல சிஸ்டர். ஆனா அடுத்து வர்ற லிஸ்ட்ல ஒருத்தர்கூட விட்டுப்போக மாட்டாங்க."

"சரி லா," என்றார். களைத்துப்போன குரல். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தினேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறான்.

"நீங்க பண்ணுங்கக்கா. நான் தொட்டா இன்னும் கெட்டுரும்."

நான் உட்காரப் போனேன். மேடம் என் தோளில் கைவைத்து நிறுத்திவிட்டு, அவனுடைய நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"இந்தப் புரோகிராம உங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க இங்க யாரும் இல்ல. நீங்க எழுதுங்க. ஒவ்வொரு வரியா நான் படிக்கிறேன். தப்பு வந்தா ரெண்டு பேரோட தப்பு."

அவன் உட்கார்ந்தான். முதலில் எழுத்துப்பிழைகளாக விழுந்தன. மேடம் அவசரப்படுத்தவில்லை. "இங்க ஒரு கமா விட்டுட்டீங்க," என்பார், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் கை பழைய நிதானத்துக்கு வந்தது.

தீர்மானித்தது இது. டேபிளை டிஸ்கிலேயே வைப்பது. இடம் தாராளம், நிரம்பாது. ஆனால் மெதுவாக ஓடும். அதனால் ஆளாளுக்கு ஒன்று ஓட்டாமல், நாங்கள் மட்டும் ஒரே ஒரு முறை ஓட்டுவது. முடிவை எல்லா மையங்களும் படிக்க மட்டும் செய்யலாம். ஏற்கெனவே வேனில் கிளம்பியவர்களின் இடங்களை முதலிலேயே பூட்டிவிடுவது. கடைசியாக, குளுவாங்கின் பதிவில் இருக்கிற ஒவ்வொரு நோயாளியும் முடிவில் இருக்கிறாரா என்று சரிபார்ப்பது. ஒருவர் குறைந்தாலும் பட்டியலை வெளியே விடக்கூடாது. இடம் கிடைக்காதவர் இருந்தால் பெயரோடு 'இடம் இல்லை' என்று வர வேண்டும்.

ஓடத் தொடங்கியது. நீங்கள் புது சர்வர்களில் வேலை பார்ப்பவர்கள். அந்தப் பழைய டிஸ்க் எப்படி ஊர்ந்தது என்பதை உங்களால் கற்பனை செய்ய முடியாது. நாங்கள் வாங்கி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே ஆறிப்போனது. தினேஷ் ஒருமுறை, "நடுவுல நிறுத்திட்டு மெமரியில பாதி, டிஸ்க்ல பாதின்னு பிரிச்சா வேகமா முடியும் மேடம்," என்றான். உண்மைதான், முடிந்திருக்கும். மேடம் தலையசைத்து, "நல்ல யோசனை. அடுத்த வாரம் செய்யலாம். இன்னிக்குப் புதுசா எதுவும் வேண்டாம்," என்றார்.

மதியம் தாண்டி ஓடி முடிந்தது. சரிபார்ப்பும் சரி என்றது. எல்லாரும் இருந்தார்கள். நான் பெருமாள் அங்கிளின் பெயரைத் தேடினேன். இருந்தது. பக்கத்தில், 'இடம் இல்லை.'

அவருக்கு வேண்டிய தனி இயந்திரங்கள் எல்லா மையத்திலும் நிரம்பியிருந்தன.

தினேஷ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "இவ்ளோ செஞ்சும் இல்லன்னுதானே வருது."

"பேரே இல்லாம இருந்தா அவரை யாரும் தேடப்போறதில்ல," என்றார் மேடம். "இல்லன்னு பேரோட வந்தா தேடுவாங்க. மல்லிகா, சிஸ்டருக்குப் போன் போடுங்க."

போட்டேன். பட்டியலை அனுப்பிவிட்டேன், எல்லாரும் இருக்கிறார்கள், பெருமாள் அங்கிளுக்கு மட்டும் நம்மிடம் இடமில்லை என்றேன். சிஸ்டர் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. "நம்மகிட்ட இல்லன்னு நிச்சயமா தெரியுது, இல்லயா? அப்ப நான் அரசாங்க ஆஸ்பத்திரியில பேசறேன்," என்றார். நிச்சயம் என்று சொல்ல முடிந்ததே என்று அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி விளக்க முடியாது.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு தனி இயந்திரத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். லாயாங் லாயாங்கில் அங்கிளின் வீடு மேட்டில் இருந்தது, சுற்றிலும் தண்ணீர். பொம்பா தீயணைப்புக்காரர்கள் படகில் ஏற்றிக் கொண்டுவந்து ரோட்டில் விட, அங்கிருந்து வேனில் போய்ச் சேர்ந்துவிட்டார். "மெஷின்ல போட்டாச்சாம்," என்றார் சிஸ்டர். நான் தினேஷிடம் சொன்னேன். அவன் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்றுவிட்டு வந்தான்.

கதை இதோடு முடியவில்லை. எனக்கு அந்த நாளைவிட அதற்கடுத்த வாரம்தான் முக்கியமாகப் படுகிறது.

அடுத்த வாரம் தினேஷ் இரண்டு விஷயத்தோடு வந்தான். ஒன்று, இனிமேல் எல்லா டெம்ப் டேபிளும் டிஸ்கில். எதையும் மெமரியில் வைக்கக்கூடாது. இரண்டு, தான் வேலையை விடப்போவது.

மேடம் முதல் விஷயத்தை முதலில் எடுத்தார். "ஒரு நோயாளிக்கு ஒரு சீட்டு தேடறதையும் டிஸ்க்குக்கு மாத்திட்டா, சிஸ்டர்ங்க மறுபடி நின்னுக்கிட்டிருப்பாங்க. நீங்க கூலாய்ல பாத்தது அதைத்தானே? அது இப்பவும் உண்மைதான். பயந்துபோய் எடுக்கற முடிவும் அவசரத்துல எடுக்கற முடிவு மாதிரிதான் தினேஷ்."

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். தாதிகள் தினசரி அமுக்குவது, ஓரிருவருக்கான தேடல், மெமரியிலேயே இருக்கட்டும். ஆனால் எண்களை மட்டும் வைப்போம், நீளமான குறிப்புகள் நிரந்தர டேபிளிலேயே கிடக்கட்டும். ஒரு மையமே மூடும் நிலை வந்தால் அது டிஸ்கில், நாங்கள் மட்டும் ஒரே முறை ஓட்டுவது. எதில் வைத்தாலும், நிரம்பினால் நிற்க வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் வெளியே விட வேண்டும். எங்கே வைப்பது என்று இன்றைக்கு நீங்கள் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பேனே, எத்தனை பேர் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள், மிக மோசமான நாளில் எவ்வளவு பெரிசாகும், நிரம்பினால் யாருக்குத் தெரியும் என்று, அதெல்லாம் அந்த மேசையில் பேசியதுதான். என் சொந்தச் சரக்கு இல்லை.

இரண்டாவது விஷயத்துக்கு மேடம் சொன்ன பதில் இது. "போறதா இருந்தா ஒரு நல்ல நாள்ல போங்க. இப்ப வேண்டாம்."

வாடிக்கையாளருக்கு என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தபோது, எங்கள் புரோகிராமில் இந்தக் குறை இருந்தது, இப்படிச் சரிசெய்தோம் என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தை மட்டும் போட்டார். தினேஷ் பல வருஷம் இருந்தான். சிங்கப்பூரில் பெரிய இடத்தில் வேலை கிடைத்துப் போனபோது எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். மேடம்கூட அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்து குளுவாங் மையத்தைத் திரும்பத் திறந்தபோது நானும் தினேஷும் கணினிகளைச் சரிபார்க்கப் போயிருந்தோம். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கறை இருந்தது. மூலையில் தனியாக இருந்த நாற்காலியில் ஒரு பெரியவர் கையில் குழாயோடு படுத்திருந்தார். தேவி சிஸ்டர்தான் காட்டினார். இவர்தான் பெருமாள் அங்கிள்.

போய்ப் பக்கத்தில் நின்றோம். கம்ப்யூட்டர் ஆட்கள் என்று சிஸ்டர் அறிமுகப்படுத்தினார். அங்கிள் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நான்தான் கேட்டேன்.

"அன்னிக்கு இடமில்லன்னு சிஸ்டர் போன் பண்ணப்ப ரொம்ப பயந்துட்டீங்களா அங்கிள்?"

"அதுக்கு முன்னதான் பயமா இருந்துச்சும்மா. எங்கூட இங்க டயாலிசிஸ் பண்ணிக்கிற பக்கத்து வூட்டுக்காரருக்கு போன் வந்துருச்சு, எனக்கு வரல. என்னைய மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பறம் சிஸ்டர் கூப்பிட்டு, இன்னும் எடம் கெடைக்கல அங்கிள், தேடிக்கிட்டிருக்கோம்னு சொன்னாங்க." கை அசையாமல் லேசாகச் சிரித்தார். "உடனே எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டு ரெடியா உக்காந்துட்டேன்."